முதலில் வள்ளம்... அப்புறம் எஞ்சின்!

ஆபீசில் பிரிண்டருக்குள் சிக்கிக்கொண்ட பேப்பரைக் கிழியாமல் உருவத் தெரிந்தவனுக்கு 'கம்ப்யூட்டர் தெரிந்தவர்' என்று பட்டம் கொடுத்துவிடுவது நம் நாட்டு வழக்கம். ராமநாதபுரத்தில் நான் வேலை பார்க்கும் ஆபீசில் அந்தப் பட்டம் பத்து வருஷமாக என்னிடம்தான் இருக்கிறது. அதற்காகச் சம்பளத்தில் ஒரு பைசா கூடியதில்லை. செலவு மட்டும் உண்டு. சொந்தத்தில் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் ஆலோசகர் அடியேன்தான். டீச்செலவும் பஸ் செலவும் ஆலோசகருடையது.

2024 மார்ச்சில் அப்படித்தான் மருமகன் வந்து நின்றான். மருமகன் என்றால் அக்கா மகன். வயசு 21. வீடு தங்கச்சிமடத்தில். வேலை ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில். வடக்கேயிருந்து தீர்த்தமாட வருகிறவர்களுக்கு 'வெந்நீர் காலை நாலு மணிக்கு' என்று ஹிந்தியில் சொல்லிச் சொல்லியே ஒன்றரை வருஷத்தில் 50,000 ரூபாய் சேர்த்துவிட்டான்!

"மாமா, கேம் ஆடுற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் வேணும். அம்பதுக்குள்ள முடிக்கணும்."

"அது என்ன கண்டிப்பா அம்பது? அம்பத்திரெண்டு ஆனா?"

"எலெக்‌ஷன் மாமா!"

நியாயமான பதில். நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்து, மார்ச் 16-லிருந்து நடத்தை விதி அமலுக்கு வந்திருந்தது. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொண்டுபோய், கணக்குச் சொல்ல முடியாமல் முழித்தால் பறக்கும் படை வாங்கி வைத்துக்கொள்ளும். பையனுக்கு லாட்ஜ் சம்பளம் கையில் ரொக்கமாக. பேங்கில் போடலாமே என்றால், "மினிமம் பேலன்ஸ்னு பிடிச்சுருவாங்க மாமா" என்கிறான். ஒரு கேமிங் கம்ப்யூட்டரின் பட்ஜெட்டைத் தேர்தல் கமிஷன் நிர்ணயித்தது உலகத்திலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஆனால் நிஜமான சிக்கல் தேர்தலில் இல்லை. காலண்டரில் இருந்தது.

மச்சான் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். வங்காள விரிகுடா பக்கம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. படகு கரையில் நின்றால் வருமானமும் கரையில்தான் நிற்கும். தடைக்கால நிவாரணத்தை 5,000-லிருந்து 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் அறிவித்திருந்தார்கள். சரி, 8,000 ரூபாயில் 61 நாளை வகுத்துப் பாருங்கள். தினம் 131 ரூபாய் சொச்சம்.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "அவன் சம்பாதிச்ச காசு, அவன் ஆசைப்பட்டதை வாங்கட்டும்டா. நான் வேணாங்கல. ஆனா மொத்தத்தையும் முழுங்கிட்டு வந்து நிக்காம நீ பாத்துக்க. ஆனி பொறக்குற வரைக்கும் ஓட்டணும்."

இதை நான் பையனிடம் சொல்லவில்லை. 'அம்பதுக்குள்ள' என்று அவன் சொன்னதை, 'அம்பதுக்கு ரொம்ப உள்ளே' என்று எனக்குள் திருத்திக்கொண்டேன்.

மறுநாள் ஆபீசில் விஷயத்தை அவிழ்த்தேன். அவிழ்த்திருக்க வேண்டாம்தான், ஆனால் பதினொரு மணி டீக்கு ஒரு சப்ஜெக்ட் வேண்டுமே!

"ஐ7 வாங்குங்க. கண்ணை மூடிட்டு வாங்குங்க" என்றார் ஹெட் கிளார்க்.

"கார்டுதான் சார் முக்கியம். 4 ஜிபி கார்டான்னு பாத்துக்கோங்க" என்றார் கேஷியர்.

"உள்ளே லைட் கலர் கலரா எரியுதான்னு பாருங்க சார். அதுதான் கேமிங்" என்றார் அட்டெண்டர்.

அன்று சாயங்காலமே உள்ளூர்க் கடை ஒன்றில் மூன்று பேருடைய வாக்கும் ஒரே பெட்டியில் பலித்திருந்தது. ஐ7 இருந்தது. 4 ஜிபி கார்டு இருந்தது. உள்ளே லைட், திருவிழா சீரியல் செட் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. விலை 28,000. மருமகன் முகத்திலும் லைட் எரிந்தது. பட்ஜெட்டிலும் 22,000 மிச்சம். அக்காவுக்கும் சந்தோஷம், கடைக்காரருக்கும் சந்தோஷம். நான்தான் கெடுத்தேன்.

"எந்த வருஷத்து ஐ7 அண்ணே?"

கடைக்காரர் சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் நம் ஆபீசில் ஜூனியர் அசிஸ்டென்ட், அசிஸ்டென்ட், சூப்பரின்டெண்ட் என்று சொல்கிற மாதிரி பதவிப் பெயர்கள். அவர் எந்த வருஷம் ரிட்டயர் ஆனவர் என்று அந்தப் பெயர் சொல்லாது. அந்தப் பெட்டிக்குள் இருந்தது 4770. 2013-ல் வந்தது. நாலு கோர், எட்டு த்ரெட். 2022 தொடக்கத்தில் வந்த ஐ3-12100 என்கிற ஜூனியர் அசிஸ்டென்டுக்கும் அதே நாலு கோர், எட்டு த்ரெட். வேலையில் மட்டும் ஜூனியர் ரொம்பச் சுறுசுறுப்பு. இன்னொன்று, விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் போட்ட பட்டியலில் இன்டெல் பிராசஸர்கள் எட்டாவது தலைமுறையிலிருந்துதான் ஆரம்பம். 4770 நாலாவது தலைமுறை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் நின்றுவிட்டது.

சரி, அந்த 4 ஜிபி கார்டு? ஜிடி 730. 2014-ல் வந்த கார்டு. திரையில் படம் தெரிவதற்கும் சினிமா பார்ப்பதற்கும் உத்தமம். 4 ஜிபி என்பது கிட்டங்கியின் அளவு. கிட்டங்கி எத்தனை பெரிதாக இருந்தாலும் வாசல் ஒற்றைக் கதவாக இருந்து, உள்ளே மூட்டை தூக்க ரெண்டே ஆள் இருந்தால் லாரி எப்போது நிரம்பும்? கார்டை ஜிபி பார்த்து வாங்குவது, சரக்கைப் பார்க்காமல் கிட்டங்கியின் நீள அகலத்தைப் பார்த்து விலை பேசுகிற மாதிரி.

பெயரை நம்பியும் வாங்க முடியாது. ஆர்டிஎக்ஸ் 3050 என்று 2022-ல் 8 ஜிபியோடு ஒன்று வந்தது. 2024 பிப்ரவரியில் 6 ஜிபியோடு இன்னொன்று வந்தது. பெயர் ஒன்றேதான். ஆனால் பின்னால் வந்ததில் கோர்களும் குறைவு, மெமரிக்குப் போகிற பாதையும் குறுகல். ஒரே பெயரில் ரெண்டு பேர் இருந்தால் ஊரில் இனிஷியலைக் கேட்கிறோம் இல்லையா, அது மாதிரி கார்டுக்கும் இனிஷியல் கேட்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிமடம் போனேன். வாசலில் மச்சான் வலை பொத்திக்கொண்டிருந்தார். திண்ணையில் நானும் மருமகனும் பேப்பர் பேனாவோடு உட்கார்ந்தோம்.

"முதல்ல நீ என்ன கேம் ஆடப் போற? அதைச் சொல்லு."

"வாலரன்ட், ஜிடிஏ 5. அப்புறம் காசு சேர்ந்தா புதுசு புதுசா."

"எதுல பாத்து ஆடுவ?"

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் கடைசியில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒரு கேம் ஓடும்போது பிராசஸர் யார் எங்கே நிற்கிறார்கள், குண்டு யார் மேல் பட்டது, போலீஸ் எந்தச் சந்தில் திரும்புகிறது என்றெல்லாம் கணக்குப் போட்டு, 'இதை வரை' என்று உத்தரவு கொடுக்கும். கார்டு அதைப் புள்ளி புள்ளியாக வரையும். 1920-க்கு 1080 மானிட்டரில் மொத்தம் 20,73,600 புள்ளி. கேம் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டுமானால் அத்தனை புள்ளியையும் செகண்டுக்கு 60 தடவை வரைய வேண்டும். 12 கோடியே 44 லட்சம் புள்ளி! கோலம் போடுகிற பெண்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

திரையில் புள்ளி கூடக் கூடக் கார்டுக்கு வேலை கூடும். வாலரன்ட் மாதிரி சுடுகிற ஆட்டத்தில் பிராசஸருக்குத்தான் அதிக வேலை. ஊர் முழுக்கக் கட்டடமும் வெயிலும் நிழலுமாகக் காட்டுகிற பெரிய கேம்களில் கார்டுக்குத்தான் அதிக வேலை. ஒருத்தர் ஓட, இன்னொருத்தர் நடந்தால், நடக்கிறவர் வேகத்தில்தான் எல்லாம் போகும்.

"வீட்டு டிவி இருக்குல்ல மாமா... 32 இன்ச்" என்றான் மருமகன்.

எழுந்து போய் டிவியின் பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். 1366-க்கு 768. அதாவது 10,49,088 புள்ளி. மானிட்டரில் பாதி! வேலை பாதி, மானிட்டர் செலவு ஏழாயிரமும் மிச்சம். ராத்திரி ஏழிலிருந்து பத்து வரை அந்த டிவி அக்காவின் சீரியல்களுக்குப் பட்டா போட்ட நிலம் என்பது மட்டும்தான் வில்லங்கம். பையனுக்கு லாட்ஜில் பெரும்பாலும் ராத்திரி டூட்டி என்பதால் அதுவும் தீர்ந்தது.

இப்போது கணக்கு. எனக்குச் சென்னையிலிருந்து போனில் கிடைத்த அன்றைய விலைகளை வைத்து ரெண்டு திட்டம் போட்டோம்.

முதல் திட்டம், கார்டும் சேர்த்து. ஐ3-12100எஃப் பிராசஸர் 8,000. மதர்போர்டு 6,500. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 கார்டு 20,500. மெமரி 16 ஜிபி 3,500. எஸ்எஸ்டி 3,000. எஸ்எம்பிஎஸ் 4,000. கேபினெட் 2,500. கீபோர்டு, மவுஸ் 800. யூபிஎஸ் 3,200. ஆக மொத்தம்... 52,000!

"பறக்கும் படை பாத்துக்கிட்டே இருக்கு மருமகனே" என்றேன்.

ரெண்டாவது திட்டம், கார்டு இல்லாமல். ரைசன் 5 5600ஜி. 2021-ல் வந்த பிராசஸர். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். இதன் வயிற்றுக்குள்ளேயே சுமாரான ஒரு கிராஃபிக்ஸ் சமாசாரமும் இருக்கிறது. ஜிடி 730-ஐ இது சுலபமாகத் தூக்கிச் சாப்பிடும். வாலரன்ட் வழுக்கிக்கொண்டு ஓடும். ஜிடிஏ 5, படத்தின் தரத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் ஓடும். பிராசஸர் 11,500, மதர்போர்டு 8,000, மற்றதெல்லாம் அதே. மொத்தம் 36,500. மிச்சம் 13,500.

மருமகன் முகம் சுருங்கியது. கேமிங் கம்ப்யூட்டரில் கார்டு இல்லையென்றால், பிரியாணியில் பீஸ் இல்லாத மாதிரிதானே.

"கடன் வாங்கியாச்சும் முதல் திட்டத்தையே போட்டுரலாமா மாமா? ரெண்டாயிரம்தான?"

மச்சான் அதுவரை வாயே திறக்கவில்லை. வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "மாப்ள, அந்த முதல் ஐட்டத்துல கார்டு கெட்டுப்போச்சுன்னா மெஷின் ஓடுமா?"

"ஓடாது மச்சான். பிராசஸர் பேர்ல கடைசியா 'எஃப்'னு இருந்தா அதுக்குள்ள கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லேன்னா திரையில ஒண்ணுமே வராது."

"ரெண்டாவதுல?"

"கார்டு இல்லாமலே ஓடும். பின்னாடி வேணும்னா கார்டு மாட்டிக்கலாம்."

மச்சான் ஊசியைக் கீழே வைத்தார். "அப்ப இதுல என்ன யோசனை? வள்ளம் மிதந்துச்சுன்னா துடுப்பு போட்டாவது கரை வந்துரலாம். எஞ்சின் தனியா மிதக்காது. முதல்ல வள்ளத்தைக் கட்டுங்க. பின்னாடி மாட்டப்போற எஞ்சினுக்கு எடம் விட்டுக் கட்டுங்க. அம்புட்டுத்தேன்."

கம்ப்யூட்டரைத் தொட்டே பார்த்திராத மனுஷர்! இந்த விஷயத்தைப் பற்றி நான் படித்ததையெல்லாம் பிழிந்தாலும் இதைவிடச் சாறு வராது.

'எஞ்சினுக்கு இடம் விட்டு' என்றாரே, அதில்தான் சூட்சுமம். எஸ்எம்பிஎஸ்ஸை 550 வாட்டாக எழுதினோம். பின்னால் வரப்போகிற 6600 கார்டு 132 வாட் கேட்கும், பிராசஸர் கணக்கு 65 வாட், அதற்கு மேல் மூச்சு விடவும் இடம் வேண்டும். இன்று 2,000 ரூபாயை மிச்சம் பிடித்து ஓட்டை எஸ்எம்பிஎஸ் போட்டால், கார்டு வரும் நாளில் அதைக் கழற்றி எறிய வேண்டும். மதர்போர்டும் அப்படித்தான். 5600ஜி-யைக் கழற்றிவிட்டு இன்னும் வேகமான பிராசஸரை அதே போர்டில் மாட்ட வழி இருந்தது.

5600ஜி-யில் ஒரு குறையும் உண்டு. மூடி மறைத்தால் பாவம். 'ஜி' இல்லாத 5600-ஐ விட இதில் உள்ளே இருக்கும் கேஷ் மெமரி பாதி. கார்டுக்குப் போகிற பாதையும் ஒரு தலைமுறை பழசு. 6600 மாதிரி எட்டு லேன் உள்ள கார்டை மாட்டினால் கொஞ்சம்தான் நஷ்டம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி நாலே லேன் உள்ள கார்டை மாட்டினால், குறுகின சந்தில் மாட்டிய தேர்தான். விலை குறைவு என்று அதை வாங்கிவிடக் கூடாது என்று பேப்பரில் எழுதி, அடியில் கோடும் போட்டோம்.

ஏப்ரல் முதல் வாரம். ராத்திரி ரயில். அப்போது ராமேஸ்வரத்துக்கு ரயில் கிடையாது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தியிருந்தார்கள். மண்டபத்தோடோ ராமநாதபுரத்தோடோ வண்டி திரும்பிவிடும். மருமகன் தங்கச்சிமடத்திலிருந்து பஸ்ஸில் வந்து என்னோடு சேர்ந்துகொண்டான். பணம் சட்டைக்குள், சட்டைக்கு மேல் ஒரு சட்டை. சித்திரை வெயில் வருமுன்னே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ரிச்சி தெருவை அறியாதவர்களுக்கு: சென்னை அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருக்கிறது. நாலு அடி எடுத்து வைத்தால் நாற்பது பேர் 'என்ன சார் வேணும்?' என்பார்கள். நாம் என்ன வேண்டும் என்று சொல்வதற்குள் அவர்களிடம் இருப்பதைச் சொல்லிவிடுவார்கள். கையில் எழுதின சீட்டு இல்லாமல் உள்ளே போனவன் எதையாவது வாங்கிக்கொண்டுதான் வெளியே வருவான்.

முதல் கடையில், "5600ஜி ஸ்டாக் இல்ல சார். 5500 எடுத்துக்கோங்க, ரெண்டும் ஒண்ணுதான். விலையும் கம்மி" என்றார்கள். சொன்னதில் முக்கால்வாசி நிஜம். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், எல்லாம் இருக்கிறது. கிராஃபிக்ஸ் மட்டும் இல்லை! அதை வாங்கிக்கொண்டு தங்கச்சிமடம் போய் டிவியில் மாட்டியிருந்தால், அக்கா சீரியல் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

ரெண்டாவது கடையில் 5600ஜி கிடைத்தது. மெமரி என்று 16 ஜிபி ஒரே குச்சியை எடுத்து வைத்தார்கள். "எட்டு எட்டா ரெண்டு குடுங்க" என்றேன். "ரெண்டும் பதினாறுதான் சார்?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார் பையன். கூட்டல் கணக்கில் சரிதான். ஆனால் தனிக் கார்டு இல்லாத மெஷினில் கிராஃபிக்ஸ், வீட்டு மெமரியைத்தான் கடன் வாங்கி வேலை செய்யும். ஒரே குச்சி என்றால் ஒரு குழாயில் தண்ணீர். ரெண்டு குச்சி என்றால் ரெண்டு குழாய். இதே பிராசஸரில் கேமின் வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறும். காசு ஏறக்குறைய ஒன்றுதான்.

பில் போட்டு நிமிரும்போதுதான் அந்தச் சோதனை வந்தது. பக்கத்துக் கடையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் செகண்ட் ஹேண்ட் கார்டுகள். ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி. விலை 6,500!

மருமகன் நின்றுவிட்டான். கையில் இன்னும் காசு இருக்கிறது. அந்தக் கார்டை வாங்கினாலும் அம்பதுக்குள்தான். இன்று ராத்திரியே 'கேமிங் கம்ப்யூட்டர்' முழுசாகிவிடும்.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 580 நல்ல கார்டுதான், 2017-ல் வந்தது. ஆனால் ஈதரியம் என்கிற டிஜிட்டல் காசைத் தோண்டுவதற்காக உலகம் பூரா இந்த மாதிரி கார்டுகளை வாங்கி, ராப்பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பரில் அந்தக் காசு கார்டே தேவையில்லாத முறைக்கு மாறியது. ஓய்ந்துபோன கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. சிலவற்றில் பெயருக்குப் பின்னால் 2048 என்று சின்னதாக இருக்கும். அது 580 சட்டை போட்ட 570. மின்சாரமும் 185 வாட் குடிக்கும். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. சென்னையில் வீடு இருக்கிறவன் வாங்கலாம், கெட்டுப்போனால் மறுநாளே கடைக்காரர் சட்டையைப் பிடிக்கலாம். நாம் ஒரு ராத்திரி ரயில் ஏறி வர வேண்டும். நமக்கு வாரண்டி சீட்டுதான் சட்டைக் காலர்.

"இனி உன் இஷ்டம். உன் காசு" என்று நிறுத்திக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கண்ணாடிப் பெட்டியையே பார்த்தான். அப்புறம் சொன்னான். "வேணாம் மாமா. அம்மாட்ட பதிமூணு குடுக்கணும்."

அக்கா என்னிடம் ரகசியமாகச் சொன்னது பையனுக்கு எப்படித் தெரிந்தது? யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்குப் பங்குனி வந்தால் யாரும் சொல்லாமலே தெரியும் போல. நான் பேச்சை மாற்றி, ரோஸ்மில்க் சாப்பிடலாமா என்று கேட்டேன். ஆலோசகர் செலவில்தான்.

திரும்பும்போது கேபினெட் அட்டைப்பெட்டி அவன் மடியில், பிராசஸர் என் மடியில். ராமநாதபுரத்தில் யூபிஎஸ் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். 1988-ல் திறந்த ரோடு பாலத்தின் மேல் போகும்போது பஸ்ஸில் எல்லோரும் எழுந்து பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த புது ரயில் பாலத்தைப் பார்த்தார்கள். மருமகன் மட்டும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான்.

மாட்டுவதற்கு முன்னால் ஒரு சண்டை. மெஷினைக் கடல் பார்த்த ஜன்னல் பக்கம் வைக்க வேண்டும் என்றான், 'காத்து வரும்' என்று. அந்தக் காற்றுதான் எமன்! எங்கள் பக்கத்து ஜன்னல் கம்பிகளைப் பார்த்திருக்கிறீர்களா? பெயின்ட் அடித்த மறுவருஷமே பொரிந்துவிடும். கடல் காற்றில் உப்பு. உப்பு ஈரத்தை இழுக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் செம்பில் பச்சை பூக்கும், மின்சாரம் போகக் கூடாத வழியில் போகும். கேபினெட்டில் ஃபேன் என்பது அந்தக் காற்றை உள்ளே அழைக்கிற ஏற்பாடு. அதனால் மெஷின் உள்சுவர்ப் பக்கம் போனது. ஃபேன் முகப்பில் வலை ஃபில்டர். மாசம் ஒரு தடவை தட்ட வேண்டும். மழைக்காலத்தில் ஆடாவிட்டாலும் தினம் கொஞ்ச நேரம் ஓட்டி வைத்தால், அந்தச் சூட்டில் உள்ளே உலர்ந்திருக்கும்.

ராத்திரி பத்து மணிக்குச் சீரியல் முடிந்து, டிவியில் வாலரன்ட் ஓடியது. அக்கா பார்த்துவிட்டு, "ஏண்டா, எல்லாரும் துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு ஓடுறாய்ங்க, யாரையுமே சுட மாட்டேங்குறாய்ங்க?" என்றாள். மருமகன் புதுசு, அதனால் அவன்தான் சுடப்பட்டுக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 15 வந்தது. படகுகள் கரையேறின. அந்த 13,500 எப்படிச் செலவானது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஜூன் 14 வரை யாரும் என்னிடம் கைமாற்று கேட்டு வரவில்லை. அதற்கு மேல் கணக்கு எதற்கு?

எஞ்சின் 2024 தீபாவளிக்கு வந்தது. லாட்ஜ் போனஸும் ஆறு மாசச் சேமிப்பும் சேர்ந்து அதே ஆர்எக்ஸ் 6600, புதுசு, வாரண்டியோடு. கூடவே சின்ன மானிட்டர் ஒன்று. அக்காவின் டிவி விடுதலை ஆனது. கார்டை மாட்டப் பத்து நிமிஷம். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டியிருக்கவில்லை, போர்டை மாற்ற வேண்டியிருக்கவில்லை. இடம் விட்டுக் கட்டின வள்ளம்!

உங்களில் யாராவது இப்போது வாங்கப் போகிறீர்கள் என்றால், மேலே சொன்ன விலைகளை நறுக்கி வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். 2025 கடைசியில் ஏஐ கம்பெனிகள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் அதன் விலை எங்கேயோ ஏறிப்போனது. புதுப் புது மாடல்களும் வந்துகொண்டேதான் இருக்கும். விலை மாறும், பெயர் மாறும், கேள்விகள் மாறாது. என்ன ஆடப் போகிறாய்? எந்தத் திரையில்? இன்று கையில் எவ்வளவு? அடுத்த காசு எப்போது வரும்? இந்த நாலுக்கும் பதில் எழுதிவிட்டால் பிராசஸரும் கார்டும் தாமாகவே வந்து வரிசையில் நிற்கும்.

2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்து, ராமேஸ்வரத்துக்கு மறுபடி ரயில் ஓட ஆரம்பித்தது. ஒன்பதாம் நாள் தடைக்காலமும் வந்தது. மே மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனால், மெஷின் முன்னால் மருமகன் இல்லை. மச்சான்! கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்கிற லாரி ஓட்டுகிற கேமில், பதினெட்டு டன் சரக்கோடு ஜெர்மனியைக் கடந்துகொண்டிருந்தார். 2012-ல் வந்த கேம் அது. கார்டே இல்லாமல்கூட ஓடும்.

"வா மாப்ள" என்றார், திரும்பாமலே. "என்னா ரோடு, என்னா ரோடு! முன்னூறு கிலோமீட்டர் வந்துட்டேன், ஒரு டீக்கடை இல்லையே!"

மருமகன் மூலையில் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான். "காலையிலேர்ந்து விட மாட்டேங்குறாரு மாமா. ஒரு நாளைக்கு ரெண்டு ட்ரிப் அடிக்கிறாரு."

மச்சான் லாரியை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, என் பக்கம் குனிந்து ரகசியக் குரலில் கேட்டார்:

"மாப்ள... இதுக்கு நெசமான ஸ்டியரிங்கே விக்குதாமே... அது எம்புட்டு இருக்கும்?"